சுகர் வந்த வீட்டுக்கு ஆப்பிள் வாங்குவது எப்படி: பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன்

போன ஆடி மாதம் அம்மாவுக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. ஒரு கிளினிக்கில் சாப்பாட்டு அட்டவணை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் பழங்கள் என்ற இடத்தில் மூன்றே சொல்: ‘பச்சை ஆப்பிள் மட்டும்.’ ஏன், எவ்வளவு, எப்போது என்று எதுவும் இல்லை. புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து வாராவாரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் கிலோ 280 ரூபாய்க்குப் பச்சை ஆப்பிள் வாங்கினேன். பக்கத்துக் கூடையில் சிவப்பு 160 ரூபாய். வாரம் ஒன்றரைக் கிலோ, எட்டு மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலவாகியிருந்தது. அம்மாவுக்கோ புளிப்பு பிடிக்காது. பாதிப் பழம் தட்டிலேயே கறுத்துப்போகும்.

பிறகு ஒவ்வொரு ரகத்திலும் என்ன இருக்கிறது என்று எடுத்துப் படித்தேன், வீட்டில் எடை போட்டேன், மீட்டரில் பார்த்தேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ வீட்டில் யாருக்காவது புதிதாகச் சுகர் வந்து, ஆப்பிள் கடை முன்னால் என்ன எடுப்பது என்று புரியாமல் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்

ஒன்று, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அதில் இருக்க வேண்டும்.

இரண்டு, கிரியேட்டினின், பொட்டாசியம் பார்த்த ரிப்போர்ட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகர் பல வருடமாக இருப்பவருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், அதனால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது, பழக் கணக்கே மாறிவிடும். 100 கிராம் ஆப்பிளில் பொட்டாசியம் 107 மில்லிகிராம். வாழைப்பழத்தில் 358, கொய்யாவில் 417. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆப்பிளை அனுமதித்து, வாழையையும் கொய்யாவையும் மருத்துவர்கள் தள்ளி வைப்பது இதனால்தான். ‘ஆப்பிளுக்குப் பதில் கொய்யா சாப்பிடுங்க, மலிவு’ என்று யார் சொன்னாலும் இந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

மூன்று, தினமும் போடும் மாத்திரைகளின் பட்டியல். மூக்கடைப்பு, தும்மலுக்குக் கொடுக்கும் ஃபெக்சோஃபெனாடின் மாத்திரை அதில் இருந்தால் அதைத் தண்ணீரோடுதான் போட வேண்டும். ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும்.

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பழம் சாப்பிடலாம்?’ எந்தப் பழம் என்று கேட்டால் பெயர்தான் பதிலாக வரும். கிராம் கேட்டால் அளவு வரும். எனக்கு இது புரிய எட்டு மாதம் ஆனது. ஜிப்மரிலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ காட்டுகிறவர்கள், உணவு ஆலோசகரையும் பார்க்க வேண்டும் என்று ஓபியிலேயே மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

2. கூடையில் இருப்பது என்ன ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் கடைகளில் ரகத்தின் பெயரைச் சொல்வது குறைவு. ஊர்ப் பெயர்தான் ஓடும்: சிம்லா, காஷ்மீர், வாஷிங்டன், ஈரான், துருக்கி. சிம்லா, காஷ்மீர் என்று வரும் சிவப்புப் பழங்களில் பெரும்பாலானவை டெலிஷியஸ் வகையைச் சேர்ந்தவை. வாஷிங்டன் என்றால் பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ், அடியில் ஐந்து முடிச்சு தள்ளிக்கொண்டு, கருஞ்சிவப்பாக இருக்கும். மஞ்சள் கலந்த சிவப்புக் கோடுகளோடு உருண்டையாக இருப்பது ராயல் காலா. வெளிறிய ரோஸ் நிறத்தில், கடித்தால் நறுக்கென்று தித்திப்பாக இருப்பது ஃபியூஜி. பச்சை ஆப்பிள் என்பது கிரானி ஸ்மித்.

பழத்தில் ஸ்டிக்கர் இருந்தால் அதன் நாலு இலக்க எண் ரகத்தைச் சொல்லிவிடும். 4015, 4016 ரெட் டெலிஷியஸ். 4017, 4139 கிரானி ஸ்மித். 4129, 4131 ஃபியூஜி. 4173, 4174 ராயல் காலா. ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு எண் இருப்பதற்குக் காரணம் அளவு: ஒன்று சிறிய பழத்துக்கு, மற்றது பெரிய பழத்துக்கு. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது என்று பொருள். அந்த எண் நாட்டையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது. ஸ்டிக்கர் ஒட்டியதாலேயே வெளிநாட்டுச் சரக்கு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. தள்ளுவண்டியில் சின்னச் சின்னதாக, பளபளவென்று, ‘பச்சை ஆப்பிள்’ என்று விற்பது பல நேரம் ஆப்பிள் இலந்தை. ஆப்பிள் பேர் என்றும் சொல்வார்கள். அது இலந்தைக் குடும்பம், உள்ளே ஒரே ஒரு கெட்டிக் கொட்டை இருக்கும். நல்ல பழம்தான். ஆனால் கீழே நான் சொல்லும் எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது.

3. ரகத்துக்கு ரகம் எவ்வளவு வித்தியாசம்? எண்களைப் பாருங்கள்

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் இந்த ரகங்களைத் தனித்தனியாக அளந்து போட்டிருக்கிறார்கள். தோலோடு, 100 கிராம் சதைக்கு:

கிரானி ஸ்மித்: சர்க்கரை 9.6 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம், 58 கலோரி.
கோல்டன் டெலிஷியஸ்: சர்க்கரை 10.0, நார் 2.4, 57 கலோரி.
காலா: சர்க்கரை 10.4, நார் 2.3, 57 கலோரி.
ரெட் டெலிஷியஸ்: சர்க்கரை 10.5, நார் 2.3, 59 கலோரி.
ஃபியூஜி: சர்க்கரை 11.7, நார் 2.1, 63 கலோரி.

ஆக, பச்சை ஆப்பிளில் சர்க்கரை குறைவு, நார் அதிகம் என்பது உண்மைதான். கிளினிக் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு குறைவு? பச்சைக்கும் சாதாரணச் சிவப்புக்கும் 100 கிராமில் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. மிக இனிப்பான ஃபியூஜியோடு வைத்துப் பார்த்தாலும் இரண்டு கிராம்தான், அதாவது அரை டீஸ்பூன் சர்க்கரை.

பிறகு ஏன் நாக்குக்கு அவ்வளவு வித்தியாசமாகத் தெரிகிறது? மாலிக் அமிலம். கிரானி ஸ்மித்தில் அது கூடுதல். புளிப்பு தூக்கலாக இருப்பதால் உள்ளே இருக்கும் சர்க்கரை நாக்குக்குத் தெரிவதில்லை. ‘புளிப்பா இருக்கு, அப்போ சுகரே இருக்காது’ என்று இரண்டு மூன்று பழம் சாப்பிடுகிறவர்களை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். மூன்று பச்சை ஆப்பிள் சாப்பிட்டால் 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது.

வைட்டமின் சி-க்காக ஆப்பிள் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். 100 கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 4.6 மில்லிகிராம், குளிர்கிடங்கில் நாள் ஆக ஆக அதுவும் குறையும். கொய்யாவில் 228.

இரும்புச் சத்துக்காகவும் வேண்டாம். ‘வெட்டினா கறுக்குது பாரு, அவ்வளவும் இரும்பு’ என்று கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆப்பிளை ஊட்டுகிறார்கள். கறுப்பது இரும்பினால் இல்லை. பழத்தில் இருக்கும் ஒரு நொதி, காற்று பட்டதும் பாலிஃபீனால் பொருள்களோடு சேர்ந்து அந்த நிறத்தைக் கொடுக்கிறது. 100 கிராமில் இரும்பு 0.1 மில்லிகிராம் அளவுதான். ரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு ஆப்பிளை நம்பி இருப்பது ஆபத்து. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தாமல் போடச் சொல்லுங்கள்.

4. நிறத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள்

இதுதான் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டு மாதம் வாங்கிய பச்சை ஆப்பிள் ஒவ்வொன்றும் 200 கிராமுக்கு மேல். நடுத்தண்டும் விதையும் போக 180 கிராம் சதை என்று வையுங்கள், 17 கிராம் சர்க்கரை. அதே கடையில் யாரும் சீண்டாமல் கிடந்த சின்ன சிம்லா ஆப்பிள் 130 கிராம். தண்டு போக 115 கிராம், சர்க்கரை 12 கிராம். அதாவது அம்மா விரும்பிச் சாப்பிட்டிருக்கக்கூடிய சின்னச் சிவப்புப் பழத்தில், மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்ட பெரிய பச்சைப் பழத்தைவிடச் சர்க்கரை குறைவு. விலையும் பாதி.

அதனால் கடையில் இப்படிக் கேளுங்கள்: ‘அண்ணா, கிலோவுக்கு எத்தனை நிக்கும்?’ ஏழு எட்டு நிற்கிற பழம் ஒவ்வொன்றும் 125 முதல் 145 கிராம். ஒருவர் ஒருவேளைக்குச் சாப்பிட அந்த அளவு சரியாக இருக்கும். நாலுதான் நிற்கும் என்றால் ஒரு பழம் கால் கிலோ. அதை வாங்கினால் பாதியாக வெட்ட வேண்டும், மீதிப் பாதி கறுக்கும், கறுத்ததை வீணாக்க மனமில்லாமல் அதே ஆளே சாப்பிடுவார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பெட்டியைப் பார்க்க முடிந்தால் இன்னும் சுலபம். வெளிநாட்டு ஆப்பிள் அட்டைப்பெட்டி பெரும்பாலும் 18 கிலோ. பக்கவாட்டில் 100, 113, 125, 138 என்று ஓர் எண் இருக்கும். அது பெட்டியில் இருக்கும் பழங்களின் எண்ணிக்கை. 100 என்றால் ஒரு பழம் 180 கிராம், 138 என்றால் 130 கிராம். எண் பெரிதாக இருந்தால் பழம் சின்னது. மொத்தக் கடையில் வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

பெரிய பழத்துக்குத்தான் மரியாதை என்பதால் சின்னப் பழத்தைக் கடைக்காரர்களே ஓரமாக, விலை குறைத்து வைப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ஓரக் கூடைதான். அடிபட்ட இடம் இல்லாமல், அழுத்தினால் கல் மாதிரி இருக்கும் பழங்களாகப் பொறுக்குங்கள்.

5. தோலைச் சீவாதீர்கள், ஆனால் கழுவும் முறை முக்கியம்

தோலைச் சீவினால் 100 கிராமுக்கு 2.4 கிராம் நார் என்பது 1.3 ஆகிவிடும். க்வெர்செட்டின் என்ற நல்ல பொருள் ஏறக்குறைய முழுவதும் தோலில்தான் இருக்கிறது. சிவப்பு ரகங்களுக்கு நிறம் தரும் ஆந்தோசயனினும் அங்கேதான். பச்சையிலும் மஞ்சளிலும் அது இல்லை என்றே சொல்லலாம். சிவப்பு ஆப்பிளுக்கு இருக்கும் தனிப் பெருமை அது. பச்சை ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுத்தால் கூடுதல் நார் என்று காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட்டதாக ஆகும்.

எல்லோரும் பயப்படுவது மெழுகுக்காக. ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெல்லிய மெழுகு உண்டு. பறித்துக் கழுவும்போது அது போய்விடும் என்பதால் கார்னௌபா, ஷெல்லாக் போன்ற உண்ணத்தக்க மெழுகை மேலே பூசுகிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதை அனுமதிக்கின்றன, லேபிளில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. கத்தியால் சுரண்டி வெள்ளையாகப் பொடி வருவதைப் பார்த்துவிட்டுப் பழத்தையே தூக்கி எறிய வேண்டாம்.

நான் செய்வது இது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா, பழத்தை 15 நிமிடம் ஊறப்போட்டு, குழாய் நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடைப்பேன். 2017-ல் அமெரிக்காவில் காலா ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், தோலின் மேல் தங்கிய இரண்டு பூச்சிமருந்துகளை நீக்க ஏறக்குறைய இந்த அளவுக் கரைசலும், 12 முதல் 15 நிமிடமும் போதுமானதாக இருந்தது. உள்ளே ஊடுருவியது போகாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஸ்டிக்கரை முதலில் பிய்த்துவிட்டுப் பசை இருந்த இடத்தை நகத்தால் சுரண்டுங்கள்.

பல் இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. தோலோடு இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவைத்து ஸ்பூனால் மசித்துக் கொடுங்கள். நார் அப்படியே இருக்கும். சின்னக் குழந்தைக்கும் வேகவைக்காத துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

6. ஜூஸ் வேண்டவே வேண்டாம்

வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ் ஒரு பெரிய டம்ளரில், அதாவது 250 மில்லியில், 24 கிராம் சர்க்கரை. நார் கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர் ஜூஸ் கடையில் பாலும் தனிச் சர்க்கரையும் வேறு சேரும்.

முழு ஆப்பிளும் உதவாத ஒரு நேரம் உண்டு: இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கினால் முழு ஆப்பிளைக் கொடுக்காதீர்கள். அது மெதுவாகத்தான் ஏறும். 15 கிராம் குளுக்கோஸோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

7. உங்கள் வீட்டு மீட்டரில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நாலு ஸ்ட்ரிப் செலவில் உங்கள் வீட்டுக்கான பதில் கிடைத்துவிடும். ஒரு ஸ்ட்ரிப் ஏறத்தாழ 20 ரூபாய் என்றால் 80 ரூபாய். இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு, மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, முதலில் ஒரு முறை பாருங்கள். வெட்டித் தண்டு நீக்கி எடை போட்ட 120 கிராம் ஆப்பிளைக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். முதல் நாள் பச்சை, அடுத்த நாள் சிவப்பு. இரண்டு நாளும் மதியம் ஒரே சாப்பாடு, ஒரே மாத்திரை. சோதனைக்காக மாத்திரையை விடக்கூடாது.

தேதி, ரகம், கிராம், முன், பின் என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அதையும் நீட்டுங்கள். எங்கள் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், அது தர விதியே அனுமதிக்கும் அளவு. ஒரு நாள் 150, மறுநாள் 162 என்றால் ‘சிவப்பு ஏத்திடுச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் அம்மாவுக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வந்த வித்தியாசம் அந்த எல்லைக்குள்ளேதான் இருந்தது. மதியச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்ட நாளில்தான் தெளிவாக ஏறியது, எந்த ரகமாக இருந்தாலும். அதிலிருந்து மாலை டீ நேரத்து முறுக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாகத்தான் ஆப்பிள். சாப்பாட்டுக்கு மேல் கிடையாது.

8. எந்த மாதம் எதை வாங்குவது

இமாச்சலப் பழம் ஜூலை கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை வரும். காஷ்மீர் பழம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இந்த நாலு மாதம் உள்நாட்டுச் சரக்கை மட்டும் வாங்குங்கள், புதிதாகவும் இருக்கும், விலையும் இறங்கும். அதற்குப் பிறகு வரும் உள்நாட்டுப் பழம் குளிர்கிடங்கிலிருந்து வருவது. கெடுதல் இல்லை, ஆனால் சில பெட்டிகளில் மாவு மாவாக இருக்கும். சித்திரை, வைகாசியில் நியூசிலாந்து, சிலி, தென்னாப்பிரிக்கா பக்கத்து காலா கிடைக்கும், அங்கே பிப்ரவரி வாக்கில்தான் அறுவடை. அந்த இரண்டு மாதம் மட்டும் விலை கொடுத்து வெளிநாட்டுப் பழம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. விலை கட்டவில்லை என்றால், சிறுநீரக ரிப்போர்ட் சரியாக இருப்பவர்கள், அந்த மாதங்களில் கொய்யாவுக்கு மாறிவிடலாம். நார் 5.4 கிராம், ஆப்பிளைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

9. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஆப்பிள்

சுகர் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆப்பிள் பையோடுதான் வருவார்கள். ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் நாலு கிலோ சேர்ந்தது. புதுவை வெக்கையில் வெளியே வைத்தால் நாலைந்து நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில், துளை போட்ட பையில் வைத்தால் மூன்று நாலு வாரம் தாங்கும். கழுவாமல் வையுங்கள், சாப்பிடும் அன்று கழுவினால் போதும். அடிபட்டதை முதலில் தனியே எடுத்துவிடுங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும் என்பதால் கீரையையும் வெள்ளரியையும் அதோடு வைக்காதீர்கள், சீக்கிரமே மஞ்சள் தட்டிவிடும். வாழைக்காயைப் பழுக்க வைக்க வேண்டுமென்றால் மட்டும் பக்கத்தில் ஒரு ஆப்பிள் போட்டு மூடி வைக்கலாம்.

பெரிய பழங்களாக வந்தால் வெட்டும்போதே தராசில் வைத்து 120 கிராம் எடுத்துவிட்டு, மீதியை உடனே பேரப்பிள்ளைகள் தட்டில் போட்டுவிடுங்கள். வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால், ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து துண்டுகளை நனைத்து டப்பாவில் அடைத்தால் மறுநாள் மாலை வரை கறுக்காது. டப்பா மேல் கிராமை எழுதி ஒட்டிவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, நோட்டில் அன்றைய கட்டத்தில் தானே எழுதிவிடுகிறார்.